துப்பாக்கி பயிற்சிய நம்ம மாவட்டத்துலயே நடத்துங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம வேலூர் மாவட்டத்துல குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் காட்டுப்பன்னி தொல்லை எல்லாருக்கும் தெரியும். பயிர் பாதுகாப்புக்குன்னு லைசென்ஸ் துப்பாக்கி வச்சிகினு இருக்குற விவசாயிங்க இங்க இருக்காங்க, ரைபிள் ஷூட்டிங் கத்துக்கணும்னு ஆசைப்படுற பசங்களும் இருக்காங்க, ஆனா ரெண்டு பேருக்குமே முறையா சொல்லித்தர ஆள் கிடைக்கிறது கஷ்டமா இருக்கு.

2016 ஆயுத விதிகள்ல லைசென்ஸ் கேக்குறவங்க பாதுகாப்பு பயிற்சி முடிச்சு எஸ்-1 படிவத்துல சான்றிதழ் வாங்கணும்னே இருக்கு. நல்ல விதி அது. ஆனா ஒருநாள் உக்காரவச்சு பேசி அனுப்புனா பத்தாதுங்க, கையில துப்பாக்கிய குடுத்து செஞ்சு பாக்க வைக்கணும். காலி துப்பாக்கியா இருந்தாலும் குண்டு இருக்குன்னே நினைச்சு பிடிக்கணும், குழல் முனை எந்த மனுஷன் பக்கமும் திரும்பக்கூடாது, சுடுற நேரம் வரைக்கும் விரல் ட்ரிக்கர் மேல போகக்கூடாது, குறிக்கு பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கணும், இதெல்லாம் திரும்பத்திரும்ப செஞ்சாதான் கைக்கு வரும். ராத்திரி வயல்ல இருட்டுல பதட்டத்துல நிக்கிறவனுக்கு படிச்சது ஞாபகம் வராது, பழகுன கைதான் காப்பாத்தும்.

வீட்ல பூட்டி வைக்கிறது, தோட்டாவ தனியா வைக்கிறது, இதையும் சேத்து சொல்லித்தரணும், புள்ளைங்க இருக்குற வீடுங்க. 2019 ஆயுதச் சட்டத்திருத்தத்துல கல்யாணம் திருவிழான்னு ஜாலிக்கு சுட்டு அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து உண்டாக்குனா 2 வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருக்கு, அது எத்தன பேருக்கு தெரியும்?

மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் சேந்து, ரிட்டயர்டு ராணுவக்காரங்கள பயிற்சியாளரா வச்சு, போலீஸ் துப்பாக்கி சுடுற ரேஞ்சுலயே சின்ன சின்ன பேட்ச்சா நடத்தலாம். வேலூர்ல முன்னாள் ராணுவத்தினருக்கா பஞ்சம்? கட்டணம் மட்டும் சின்ன விவசாயி கட்டுற மாதிரி வைங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்