சுவரில் தொங்கும் அட்டவணைக்குப் பதிலாக: ஆய்வுகூட முடிவுகளை வாசிக்கத் தாதியருக்குப் பட அட்டைகள் கோரி ஒரு மனு

பெறுநர்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர்,
வட மாகாணம், யாழ்ப்பாணம்.

ஊடாக: வைத்திய அத்தியட்சகர்

மதிப்புக்குரிய ஐயா,

யாழ்ப்பாண மாவட்டத்து வைத்தியசாலையொன்றின் மருத்துவ விடுதியில் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர் நான். எங்கள் மேசைக்கு மேலே சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. நாற்பதுக்கு மேற்பட்ட பரிசோதனைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே சாதாரண அளவு. யாரோ நல்ல மனதோடு தட்டச்சுச் செய்து, லமினேற் பண்ணி ஒட்டியது. அந்த அட்டவணையைப் பற்றித்தான் இந்த மனு.

சென்ற மாரியில் ஒரு இரவுக் கடமை. பத்தொன்பது வயதுப் பிள்ளையொன்று டெங்குக் காய்ச்சலோடு வந்து ஐந்தாம் நாள். காலையில் பி.சி.வி. (குருதியில் செங்குழியங்களின் வீதம்) 35. இரவு பத்து மணிக்கு வந்த அறிக்கையில் 42. பயிற்சி முடித்து வந்து சில மாதங்களேயான தங்கை ஒருத்தி அந்தத் தாளை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பெண்களுக்கு 36 முதல் 46 வரை என்று போட்டிருந்தது. "அக்கா, காலமை குறைவா இருந்தது, இப்ப நோர்மலுக்கு வந்திட்டுது" என்றாள்.

அவளில் பிழை சொல்ல முடியாது. சுவர் அப்படித்தான் சொன்னது. ஆனால் 35 என்பது 42 ஆனால் அது 20 வீத உயர்வு. டெங்கு முற்றும்போது குருதிக் குழாய்களிலிருந்து திரவம் வெளியே கசிகிறது. உள்ளே மிஞ்சும் குருதி தடிக்கிறது, பி.சி.வி. ஏறுகிறது. பிளேட்லட் அன்று மாலையே ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. காய்ச்சல் விட்டதென்று தாய் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். கசிவு தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விடும் அந்த நேரத்தில்தான். உடனே வைத்தியரைக் கூப்பிட்டோம். பிள்ளை சில நாட்களில் சுகமாகி வீட்டுக்குப் போனாள். அன்று அந்த மேசையில் நானும் நின்றது தற்செயல்.

தொற்றுநோயியல் பிரிவின் வழிகாட்டல்களோடு வரும் டெங்கு அவதானிப்பு அட்டை கட்டிலடியில் தொங்கத்தான் செய்தது. அதில் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தால் ஏற்றம் கண்ணில் குத்தியிருக்கும். ஆனால் கை தாளை வாங்கியதும் கண் போனது சுவருக்கு. ஆகவே சுவரில் இருக்கும் அட்டவணைக்குப் பதிலாகப் பட அட்டைகள் தாருங்கள் என்று கேட்கிறேன்.

முடிவுகளுக்குப் பொருள் சொல்வது வைத்தியரின் வேலை, தாதியருக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். சரிதான், நோயைத் தீர்மானிப்பது எங்கள் வேலையல்ல. ஆனால் அந்தத் தாளை முதலில் கையில் வாங்குவது நாங்கள். விடியும் மட்டும் பொறுக்கலாமா, இப்போதே அழைப்பதா, இரத்தத்தை மறுபடி எடுப்பதா என்ற கேள்வி முதலில் எங்களிடம்தான் வந்து நிற்கிறது. சாதாரண அளவு எவ்வளவு என்று தெரிந்திருப்பது அந்தக் கேள்விக்குப் பாதி விடைகூட இல்லை.

பொற்றாசியத்தை எடுங்கள். 6.8 என்று வந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். உண்மையாகவே இருந்தால் இதயம் நின்றுவிடக்கூடிய அளவு அது. ஆனால் ஊசியால் அவசரமாக இழுத்த இரத்தத்தில் செங்குழியங்கள் உடைந்தாலும் அதே எண் வரும். ஊதா மூடிக் குழாய்க்குள் விட்டதில் கொஞ்சத்தை மற்றக் குழாய்க்கு ஊற்றினாலும் வரும், ஏனென்றால் ஊதா மூடிக்குள் இருக்கும் மருந்தே பொற்றாசிய உப்பு. (இப்படி ஊற்றுவதை நானும் புதிதில் செய்திருக்கிறேன். கூடாதென்று சொன்னார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை.) அட்டையில் இந்த இரண்டு குழாய்களின் படமும் இருந்தால், ஈசிஜி எடுத்து வைத்தியருக்கு அறிவிக்கும்போதே மறு மாதிரியையும் சரியாக எடுத்து அனுப்பலாம். மாதிரி பிழையாக இருக்கும் என்று நினைத்து அறிவிக்காமல் இருந்துவிடவும் கூடாது. படம் அதையும் சொல்ல வேண்டும்.

அலகுக் குழப்பம் வேறு. 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியபோது, சிறுநீரகம் பாதிக்கப்படுகிறதா என்று கிரியற்றினினை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. தனியார் ஆய்வுகூடத் தாளோடு வருபவரிடம் 1.2 என்றிருக்கும், இன்னொரு தாளில் 106 என்றிருக்கும். முன்னது மில்லிகிராம் கணக்கு, பின்னது மைக்ரோமோல் கணக்கு. இரண்டும் ஒரே அளவுதான். ஒரு கோட்டின் மேற்பக்கம் ஒரு அலகையும் கீழ்ப்பக்கம் மற்றதையும் அடிமட்டம்போல் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது.

அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஒரு அட்டையில் ஒரு பரிசோதனை மட்டும். இடப்பக்கம் எங்கள் ஆய்வுகூடத் தாளின் உண்மையான வடிவம், எந்த இடத்தைப் பார்ப்பது என்று ஒரு வட்டம். நடுவில் முந்திய எண்ணையும் இன்றைய எண்ணையும் ஒப்பிடும் அம்புக்குறி. வலப்பக்கம் செய்ய வேண்டியது, மூன்று வரிக்கு மேற்படாமல். சிவப்பு, மஞ்சள், பச்சையை மட்டும் நம்பக்கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண் தாதியர்களும் இருக்கலாம். அதைவிட, எங்களிடம் வந்து சேர்வது எப்போதும் போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி, அதில் மூன்று நிறமும் ஒரே சாம்பல். ஆகவே நிறத்தோடு வடிவமும் வேண்டும்: அபாயத்துக்கு முக்கோணம், அவதானிப்புக்குச் சதுரம் என்பதுபோல.

மொழி பற்றியும் ஒரு சொல். மானிப்பாயில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் இது. தமிழில் முடியாது என்று இங்கே யாரும் சொல்லமாட்டார்கள். இருந்தாலும் பரிசோதனையின் பெயரைத் தாளில் அச்சாகிறபடியே ஆங்கிலச் சுருக்கமாக விடுங்கள். அதைத் தனித்தமிழாக்கினால் தாளில் எதைத் தேடுவது என்று தெரியாமல் நிற்போம். செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதுங்கள், அதுவும் சுற்றறிக்கைத் தமிழில் அல்லாமல், நாங்கள் கடமை ஒப்படைக்கும்போது கதைக்கிற தமிழில்.

எந்த எண்ணில் வைத்தியரை அழைப்பது என்பதைப் பொது மருத்துவ நிபுணரும் நோயியல் நிபுணரும் தீர்மானிக்கட்டும். அவர்களோடு ஒரு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரும் விடுதியில் நிற்கும் இரண்டு தாதியரும் இருக்கும் சிறு குழுவொன்றை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் பி.சி.வி.யும் பிளேட்லட்டும், பொற்றாசியம், கிரியற்றினின், இரத்தச் சீனி போதும். ஐப்பசி மழைக்கு முன் டெங்கு அட்டையாவது வந்தால் பெரிய உதவி. அச்சிட முன் சில தாதியரிடம் பெயர் நீக்கிய பழைய அறிக்கையொன்றைக் கொடுத்து, அட்டையைப் பார்த்து என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் தடுமாறினால் அட்டையைத் திருத்துங்கள். அப்புறம் கடமை மாறும் வேளையில் இருபது நிமிடப் பயிற்சி, அதே பழைய அறிக்கைகளை வைத்து. விரிவுரை வேண்டாம். அட்டையின் மூலையில் திருத்திய திகதியும் இருக்கட்டும். எங்கள் சுவரில் இருப்பது எந்த ஆண்டுடையது என்று இன்றுவரை தெரியாது.

பி.சி.வி. அட்டைக்கு நானே கையால் வரைந்த மாதிரியொன்றை இத்துடன் இணைத்துள்ளேன். குழாயின் படம் வெண்டிக்காய் போல வந்திருக்கிறது, மன்னிக்கவும். அம்புக்குறி சரியாக இருக்கிறது.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தாதிய உத்தியோகத்தர், மருத்துவ விடுதி
(பெயரும் கையொப்பமும் மூலப்பிரதியில்)