கேட்டைப் பூட்டினால் ஒழுக்கம் வருமா?

ஆசிரியருக்கு,

என் மகன் அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஃபிட்டர் பிரிவில் படிக்கிறான். சேர்க்கையன்று கையெழுத்து வாங்கிய ஒழுங்கு விதிகளில் எனக்கு மறுப்பில்லை. தொளதொளச் சட்டையோடு, சுழலும் லேத் எந்திரத்தின் பக்கம் போனால் என்ன ஆகும் என்பது பட்டறையில் இருபது ஆண்டுகள் நின்ற எனக்குத் தெரியும்.

வருத்தம் வேறு. எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே பஸ். அது பத்து நிமிடம் பிந்தினால் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். அரைநாள் வருகை போகிறது. 80 சதவீத வருகை இல்லாமல் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத முடியாது. இலவச பஸ் பாஸை அரசே கொடுத்துவிட்டு, அந்தப் பஸ்ஸில் வருகிறவனை வெளியே நிறுத்துவது என்ன கணக்கோ!

உதவிகள் இல்லாமல் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களில் 1,000 ரூபாய். ஆனால், வங்கிக் கணக்கோடு ஆதார் இணையவில்லை என்றால் யாரைப் பார்ப்பது? சொல்ல ஆளில்லை. விதிகளுக்குப் புதுப் பலகை. புகார்ப் பெட்டியின் பூட்டோ துருவேறி, சாவித் துவாரமே அடைந்து கிடக்கிறது. சென்ற மாதம் ஒரு பையன் படிப்பை விட்டுச் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். ஏன் என்று கேட்டு அவன் வீட்டுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

விதிப் பலகையின் கீழே டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும், உதவித்தொகைக்குப் பொறுப்பான பயிற்றுநரின் பெயரையும் எழுத ஒரு டப்பா பெயின்ட் போதும். பஸ் பிந்திய நாளில் மாலை அரை மணி கூடுதலாக வேலை வாங்கட்டும்; பையன்கள் நிற்பார்கள்.

- ஒரு மாணவனின் தந்தை