வாஷர் டிரையர் உத்தரவாத மறுப்பு: பாம்பனிலிருந்து ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
படகு எஞ்சின் மெக்கானிக்,
தெற்குவாடி, பாம்பன்,
ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 03.11.2025

பொருள்: 09.12.2024 அன்று வாங்கிய 8 கிலோ வாஷர் டிரையர் பத்தாவது மாதத்தில் உடைந்தது, உத்தரவாதம் மறுக்கப்பட்டது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு இதுவரை ஆறு முறை பேசிவிட்டேன். ஆறு முறையும் ஆறு பேர். ஒவ்வொருவரும் "உங்க பிரச்சினை என்ன சார்?" என்று அ, ஆ-விலிருந்து தொடங்கினார்கள். எழுதிக் கொடுத்தால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்காது என்று இந்தக் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். பில், உத்தரவாத அட்டை, சர்வீஸ் ரிப்போர்ட், தண்ணீர்ப் பரிசோதனை முடிவு எல்லாவற்றின் நகலும், போனில் எடுத்த படங்களின் பிரிண்டும் கூடவே இருக்கின்றன.

எங்கள் வீட்டில் மூன்று பேர். நான், என் மனைவி, என் தாயார். அம்மாவுக்கு 84 வயது, படுக்கையில் இருக்கிறார். நாள் ஒன்றுக்கு இரண்டு விரிப்பு, இரண்டு நைட்டி, சில நாள் அதற்கு மேலும் துவைக்க வேண்டியிருக்கும். வெயில் காலத்தில் இது ஒரு கஷ்டமே இல்லை. கச்சான் காற்றில் கொடியில் போட்ட விரிப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்து விறைத்து நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று திரும்பி, வடகடல் பக்கமிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும்போதுதான் பாடு. துணி காயவே காயாது. காய்ந்த மாதிரி இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும், மடித்து வைத்தால் மறுநாள் முடைநாற்றம் அடிக்கும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது உங்களுக்கும் செய்தியில் தெரிந்திருக்கும். அந்த வாரம் என் மனைவி அடுப்படியில் கயிறு கட்டி, கேஸ் அடுப்புச் சூட்டில் விரிப்பைக் காயவைத்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் கடன் வாங்கியாவது டிரையர் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ராமநாதபுரத்தில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட கடைக்குப் போனோம். என் மனைவி கேட்டது பிளாஸ்டிக் பாடி செமி ஆட்டோமேட்டிக். மண்டபத்தில் அவருடைய தங்கை வீட்டில் அப்படி ஒன்று ஒன்பது வருஷமாக ஓடுகிறது. வாளியில் தண்ணீர் ஊற்றினால் போதும், குழாயில் வேகம் தேவையில்லை. துருப்பிடிக்க வெளியில் தகடும் இல்லை. பிழிந்து எடுத்த துணி பாதிக்கு மேல் காய்ந்திருக்கும், மீதிக்கு ஒரு மின்விசிறி போதும் என்பது அவர் கணக்கு. கடைத் தம்பி சிரித்தார். "அக்கா, அதெல்லாம் அந்தக் காலம். எந்த ஊரு நீங்க?" என்றார். பாம்பன் என்றோம். "அப்ப உங்களுக்கு இதுதான். துவைக்கிறதும் இதே, காயவைக்கிறதும் இதே. மழையில கொடியே வேணாம்." உப்புக் காற்று தாங்குமா தம்பி என்று என் மனைவி அப்போதே கேட்டார். "டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அக்கா" என்று பதில் வந்தது. நான் 31 வருஷமாக எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவன். டிரம் ஸ்டீல் சரி, டிரம்மைத் தாங்குவது என்ன என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. விலை 47,990 ரூபாய்.

மெஷின் வந்தது. உத்தரவாத அட்டை டிரம்முக்குள் பிளாஸ்டிக் பையில் இருந்தது, அதாவது பணம் கட்டி, வண்டியிலிருந்து இறக்கி, கதவைத் திறந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பொருத்த வந்த உங்கள் ஆள்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வாசல் திண்ணையில் வைக்க வேண்டாம், காற்றடிக்கும் என்றார். சரியான பேச்சு. பின்கட்டில், கதவு உள்ள, டைல்ஸ் போட்ட குளியலறை ஓரத்தில் வைத்தோம். ஹீட்டருக்காக 16 ஆம்ப் பிளக், ஸ்டெபிலைசர், அடியில் ஸ்டாண்ட் என்று அவர் சொன்னதையெல்லாம் வாங்கினேன். பிறகு தண்ணீரைத் திறந்தால் மெஷின் நிரம்பவே மாட்டேன் என்றது. உங்கள் கையேட்டில் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும் என்று போட்டிருக்கிறது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர்தான் ஏறத்தாழ ஒரு பார். எங்கள் ஒற்றைத்தள வீட்டு மாடித் தொட்டியின் அடியிலிருந்து மெஷின் குழாய் வரை டேப் பிடித்து அளந்தேன், இரண்டே கால் மீட்டர் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் வீடு இப்படித்தான். கடையில் "உங்க தொட்டி எவ்வளவு உயரத்துல இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பிரஷர் பம்ப் ஒன்றுக்கு 6,800 ரூபாய் ஆனது.

அடுத்தது காயவைக்கும் சங்கதி. பெட்டியில் பெரிய எழுத்தில் 8 கிலோ என்று இருக்கிறது. அது துவைப்பதற்கு மட்டும். காயவைக்க 5 கிலோதான் என்பது கையேட்டின் உள்ளே இருக்கிறது. அதாவது நிறையத் துவைத்தால், பாதியை வெளியே எடுத்து வாளியில் போட்டுவிட்டு மீதியைக் காயவைக்க வேண்டும். மூன்று பேர் வீட்டுக்கு அது பெரிய குறையில்லை. நாங்கள் மூன்று கிலோவுக்கு மேல் போட்டதே இல்லை. அதற்கே நான்கு மணி நேரம் ஆனது.

ஜனவரியில் ஒரு நாள் மெஷின் காயவைத்துக்கொண்டிருக்கும்போது வடிகால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. துவைத்து முடித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இப்போது என்ன தண்ணீர் என்று குழாயை எடுத்துக் குடத்தில் விட்டேன். ஒரு குடம் நிரம்பியது. இன்னொன்று வைத்தேன். காய்ந்து முடியும்போது நான்கு குடம், ஏறக்குறைய 60 லிட்டர். துணியில் இருந்த ஈரம் ஒரு குடம்கூடத் தேறாது. மீதியெல்லாம் நல்ல தண்ணீர். உள்ளே சூடான ஈரக் காற்றைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, அதையும் சேர்த்துச் சாக்கடைக்கு அனுப்புகிறது உங்கள் மெஷின். எனக்கு இந்த முறை புதிதில்லை, கடல் தண்ணீரை இழுத்துத்தான் எங்கள் படகு எஞ்சினும் குளிர்கிறது. ஆனால் படகுக்கு அடியில் கடல் இருக்கிறது. என் வீட்டில் குடிக்கும் தண்ணீர் குடம் பத்து ரூபாய், புழங்கும் தண்ணீரை லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம். துணியைக் காயவைக்கத் தண்ணீர் செலவாகும் என்று ராமநாதபுரம் மாவட்டத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர் சொல்லாமல் விற்றது எப்படிச் சரி? தண்ணீர் செலவழிக்காத வகை டிரையர்களும் இருக்கின்றன என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அந்தக் கடையில் அதைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டோம். அம்மாவின் விரிப்பு காய்ந்தது, அது போதும் என்று இருந்தோம்.

25.09.2025 அன்று பிழியும்போது கடகடவென்று ஒரு சத்தம். வீட்டுக்குள் யாரோ உரலை உருட்டுகிற மாதிரி. அன்றே புகார் பதிவு செய்தேன். பதின்மூன்று நாள் கழித்து, 08.10.2025 அன்று உங்கள் சர்வீஸ் ஆள் வந்தார். நல்ல பையன், வேலை தெரிந்தவர், அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. பிரித்தார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். டிரம்மின் முதுகில் அதைத் தாங்கும் மூன்று கை உள்ள வார்ப்பு, ஸ்பைடர் என்கிறீர்களே அது, அலுமினியத்தில் செய்தது. மூன்று கையிலும் சோப்புக் களிம்பு அப்பியிருந்தது. அதை விரலால் வழித்தால் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, அரிசி மாவு மாதிரி உதிர்ந்தது. ஒரு கை நடுவில் விண்டு போயிருந்தது. விண்ட இடத்தில் உள் பக்கம் பளபளப்பே இல்லை, முழுக்கச் சாம்பல் நிறம். நேற்று உடைந்தது அப்படி இருக்காது. பல மாதமாக அரித்து அரித்துக் கடைசியில் உடைந்தது அது.

அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்து என்ன சொன்னார்களோ, ரிப்போர்ட்டில் "கடலோர உப்புக் காற்றால் ஏற்பட்ட அரிப்பு, உத்தரவாதத்தில் வராது" என்று எழுதி, 19,600 ரூபாய்க்கு ஒரு மதிப்பீடும் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த ஒரு வரிக்காகத்தான் கடிதமே எழுதுகிறேன்.

உப்புக் காற்று என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த மெஷினின் பின்தகட்டில் நான்கு ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கிறது, அடித்தகட்டின் ஓரம் பொரிந்திருக்கிறது. அதற்காக நான் உங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. இங்கே பூட்டு துருப்பிடிக்கும், ஃபேன் இறக்கை துருப்பிடிக்கும், புதுச் சைக்கிள் ஒரே வருஷத்தில் பழசாகும். அது காற்றின் வேலை. ஆனால் உடைந்த அந்தக் கை காற்றில் இல்லை. அது மூடிய தொட்டிக்குள், சோப்புத் தண்ணீரில் இருக்கிறது. அதை இப்படி அரித்தது என் வீட்டுக் காற்று இல்லை.

அதை அரித்தது எது என்று நான் சொல்கிறேன். ஸ்டீலும் அலுமினியமும் உப்புள்ள தண்ணீரில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் அலுமினியம்தான் கரையும். இது தெரிந்துதான் விசைப்படகில் புரொப்பல்லருக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டை பொருத்துகிறோம். கரைவது அது கரையட்டும், சாஃப்ட் பிழைக்கட்டும் என்று. தெற்குவாடியில் எந்த மெக்கானிக் பையனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். ஸ்டீல் டிரம்மை அலுமினியக் கையில் மாட்டி, அதன்மேல் ஒரு நல்ல பூச்சுகூட இல்லாமல் அனுப்பியது நீங்கள்.

"அப்படியானால் உங்கள் தண்ணீர்தான் காரணம்" என்று அடுத்து சொல்வீர்கள். போனில் ஒரு அம்மா அப்படித்தான் சொன்னார். அதனால் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கடினத்தன்மை லிட்டருக்கு 460 மில்லிகிராம், கரைந்த உப்பு மொத்தம் 1,380 மில்லிகிராம். நல்ல தண்ணீர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தர அளவுகோல், வேறு நல்ல நீர் கிடைக்காத இடத்தில் கடினத்தன்மை 600 வரை, கரைந்த உப்பு 2,000 வரை குடிநீருக்கே அனுமதிக்கிறது. இந்த இரண்டு கணக்கிலும் மனிதன் குடிக்கலாம் என்று விட்டிருக்கிற தண்ணீரில் உங்கள் மெஷின் பத்து மாதம் துணி துவைக்க முடியாதா? முடியாது என்றால் கடை வாசலிலேயே எழுதி மாட்டுங்கள், நாங்கள் படித்துவிட்டு வேறு கடைக்குப் போகிறோம்.

உத்தரவாத அட்டையில் அப்படி ஒரு வரி இருப்பது எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்தில். விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் படத்தைப் பெரிதாக்கிப் படித்துச் சொன்னாள்: கடலோரச் சூழலால் வரும் அரிப்புக்கு உத்தரவாதம் இல்லையாம். கடலோரம் என்பது என் விலாசம். பில்லிலேயே பாம்பன் என்று அச்சடித்திருக்கிறீர்கள், டெலிவரி வண்டி பாலத்தைத் தாண்டித்தான் வந்தது. இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊருக்கு மெஷினை இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் உத்தரவாதம் இல்லை என்றால், விற்ற அன்றைக்கே எனக்கு உத்தரவாதம் இல்லை என்றுதானே அர்த்தம்? அந்த அட்டையைத்தான் டிரம்முக்குள் வைத்து அனுப்பினீர்கள்.

எங்கள் மாடியில் நின்றால் ரயில் பாலம் தெரியும். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பர் வரை ரயில் ஓடியது. இதே காற்று, இதே உப்பு. 1964 புயலையும் பார்த்த பாலம் அது. விடாமல் சுரண்டிப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற அரிப்புத் தடுப்புப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்று தெரிந்து செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

என் கோரிக்கை இதுதான். மெஷினின் விலை 47,990 ரூபாய், அதற்காகவே வாங்கிய பிரஷர் பம்ப் 6,800 ரூபாய், ஆக 54,790 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு மெஷினை எடுத்துச் செல்லுங்கள். ஸ்டெபிலைசரும் ஸ்டாண்டும் வீட்டுக்கு வேறு வேலைக்கு ஆகும், அதைக் கேட்கவில்லை. அந்தக் கையை மட்டும் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சொல்ல வேண்டாம். அதே அலுமினியம்தானே வரும், அடுத்த வருஷம் இதே கடிதத்தைத் தேதி மாற்றி எழுத எனக்கு நேரமில்லை. கூடவே, உங்கள் ராமநாதபுரம் கடையில் தொட்டி உயரம், தண்ணீரின் உப்பு, காயவைக்க ஆகும் தண்ணீர் இந்த மூன்றையும் கேட்காமல் சொல்லாமல் மெஷின் விற்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அதன் நகல் எனக்கும் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் செய்வேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் விசாரணை இங்கேதான் நடக்கும். வக்கீல் தேவைப்படாது என்று நினைக்கிறேன். உதிர்ந்த மாவைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது மறுபடியும் ஐப்பசி. அடுப்படியில் மறுபடி கயிறு கட்டியாகிவிட்டது. உங்கள் மெஷின் மேல் என் மனைவி அரிசி மூட்டையை வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

பின்குறிப்பு: மெஷினைப் பார்க்க ஆள் அனுப்புவதானால் முதல் நாளே போனில் சொல்லுங்கள். படகு கரைக்கு வந்த நாளில் காலையிலேயே வாடிக்குப் போய்விடுவேன். வீட்டில் என் மனைவியிடம் பேசலாம். அவர் கேட்டது செமி ஆட்டோமேட்டிக் என்பதை அவரே உங்களுக்குச் சொல்வார்.