லிமெரிக் வழிக்குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அயர்லாந்தின் லிமெரிக் நகருக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வழிக்குறிப்பு தயாரிக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். ‘டப்ளினில் இறங்கி ரயில் பிடியுங்கள்’ என்ற ஒற்றை வரி போதாது.

ஊருக்குள் இருக்கும் நிலையம் கோல்பெர்ட். ‘லிமெரிக் ஜங்ஷன்’ இருப்பதோ சுமார் 35 கி.மீ. தள்ளி, டிப்பரேரி மாவட்டத்தில். மதுரை ஜங்ஷன், திருச்சி ஜங்ஷன் என்று பழகியவர்களுக்கு அதுதான் ஊரின் பெரிய நிலையம் என்று தோன்றும். டிக்கெட்டில் சேருமிடம் கோல்பெர்ட்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து நேர் வண்டிகள் குறைவு. பெரும்பாலும் கார்க் நகருக்குப் போகும் வண்டியில் ஏறி, லிமெரிக் ஜங்ஷனில் இறங்கி, இணைப்பு வண்டிக்கு மாற வேண்டும். அங்கே இறங்கி நிலையத்தை விட்டு வெளியே நடந்தாலும் சிக்கல், இறங்காமல் உட்கார்ந்திருந்தாலும் சிக்கல். வண்டி சார்லவில், மாலோ என்று தெற்கே போய்க்கொண்டே இருக்கும். ஜங்ஷனுக்கு முன்னால் வரும் தர்லெஸ் நிலையம் தாண்டியதும் பெட்டிகளை வாசலருகே கொண்டுவந்துவிடுவது நல்லது.

பாலிபிராஃபி நிலையத்தில் மாறி நீனா வழியாகவும் ஒரு பாதை உண்டு. வேகமும் குறைவு, வண்டிகளும் குறைவு. அவசரமில்லாத ரயில் பிரியர்களுக்கு விட்டுவிடலாம்.

டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் பாதையே இல்லை. ஹியூஸ்டன் நகரின் மேற்கே இருப்பதால், இரண்டு பெரிய பெட்டிகளோடு நகரைக் கடப்பதே பாதி உயிரை எடுத்துவிடும். முதல்முறை வருவோருக்கு எங்கள் பரிந்துரை, விமான நிலையத்திலிருந்தே லிமெரிக் வரும் பேருந்துதான்: எம்7 நெடுஞ்சாலை வழியே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஆனால் எல்லாப் பேருந்தும் கோல்பெர்ட்டுக்கு வராது, சில நகர மையத்தில் உள்ள ஆர்தர்ஸ் கீ பக்கம் நிற்கும். அழைத்துப்போக வருபவருக்கு நிறுத்தத்தின் பெயரையும் சொல்லிவைக்க வேண்டும். லிமெரிக் பல்கலைக்கழகம் மையத்திலிருந்து சுமார் 5 கி.மீ. கிழக்கே இருக்கிறது, அங்கு நகரப் பேருந்து உண்டு.

ஷானன் விமான நிலையத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. லிமெரிக்கிலிருந்து 24 கி.மீ.தான். அங்கும் ரயில் கிடையாது. ஆனால் பேருந்து நேரே ஊருக்குள் வரும். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை, லண்டன் ஹீத்ரோவில் மாறி வரலாம். டிக்கெட் போடுமுன் பிரிட்டன் டிரான்ஸிட் விசா தேவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேர அட்டவணையைக் குறிப்பில் நகலெடுத்து ஒட்டாதீர்கள். ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் நேரங்கள் மாறும். அட்டவணை இருக்கும் இணையப் பக்கத்தின் இணைப்பை மட்டும் கொடுங்கள். விமானம் தாமதமானால் அன்றைய கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைப் புறப்படுமுன்பே பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.