கீரைப் பாத்தியில் அந்துருண்டை வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அக்கம்பக்கத்துப் பூனைகள் கீரைப் பாத்தியைக் கிளறிப் போடுகின்றன, என்ன செய்வது என்று போன வாரம் உங்கள் வீட்டுத் தோட்டப் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பாத்தியைச் சுற்றி அந்துருண்டை போடுங்கள், மிளகாய்த்தூள் தூவுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் பினாயில் தெளியுங்கள் என்று பதில் போட்டிருந்தீர்கள். நான் வலங்கைமான் பக்கம். கொல்லையில் கீரை, கத்தரி, வெண்டை, கொத்தவரை என்று வீட்டுக்கு வேண்டியதைப் போடுகிறவள். எங்கள் தெருவில் பூனைக்குப் பஞ்சமே இல்லை, அதனால் அந்த வாசகரின் எரிச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது. விதை தூவி, மண்ணைத் தட்டி, தண்ணீர் தெளித்துவிட்டு வந்தால் விடிவதற்குள் நடுப்பாத்தியில் ஒரு குழி, பக்கத்தில் ஒரு குமியல், முளைக்க இருந்த விதையெல்லாம் ஒரே மூலையில். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றுமே தப்பான யோசனை, அதுவும் சாப்பிடுகிற பொருள் விளைகிற மண்ணில்.

அந்துருண்டை என்பது பெரும்பாலும் நாப்தலின் என்ற ரசாயனம். அது வயிற்றுக்குள் போனால் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பூனைக்கு மட்டுமில்லை, குழந்தைக்கும்தான். வெள்ளையாக உருண்டையாகக் கிடப்பதைப் பார்த்துப் புளிப்பு மிட்டாய் என்று எடுத்து வாயில் போட எந்த வீட்டிலும் ஒரு வாண்டு இருக்கும். பினாயில் மாதிரியான சாமான்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. அது பினாயிலைக் குடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, மிதித்துவிட்டுப் போய்க் காலை நக்கினாலே போதும். மிளகாய்த்தூளும் அப்படித்தான், காலில் ஒட்டி, அந்தக் காலால் முகத்தைத் துடைக்கும்போது கண்ணில் போகும். ஒரு மழை பெய்தால் பாத்தியில் மிளகாய்த்தூளும் இருக்காது, பூனை திரும்ப வந்திருக்கும், உங்கள் காசு போனதுதான் மிச்சம்.

சரி, பூனை ஏன் பாத்திக்கு வருகிறது? நம்மேல் விரோதம் ஒன்றும் இல்லை, அதற்கு வேண்டியது பொலபொலவென்ற, கொஞ்சம் காய்ந்த, தோண்டி மூட வசதியான மண். முன்பெல்லாம் அது ஊர் முழுக்கக் கிடந்தது. இப்போது தெருவுக்கு சிமென்ட் சாலை, சந்துக்கு பேவர் பிளாக், வாசலுக்கு டைல்ஸ், கிணற்றடிகூடத் தளம் போட்டாயிற்று. கோடையில் காய்ந்து கிடக்கிற வாய்க்காலுக்குள் போய் வேலையை முடித்துக்கொள்ளும், மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் போச்சு. (ஜூன் 12 என்பது கணக்கு, ஒவ்வொரு வருஷமும் அப்படியேவா நடக்கிறது, அது வேறு கதை.) அதே சமயத்தில்தான் நாம் ஆடிப்பட்டத்துக்கென்று கொத்திக் கிளறி, தொழு உரம் போட்டு, மெத்தை மாதிரி பாத்தி தயார் செய்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் மோசம், ஊரே சேறாக இருக்கும்போது தண்ணீர் வடிந்து நிற்கிற இடம் நம் மேட்டுப்பாத்தி ஒன்றுதான். அது வராமல் என்ன செய்யும்?

ஆகவே விரட்டுவதைவிட, தோண்ட முடியாமல் செய்வதுதான் வழி. விதை போட்டவுடன் கோழி வலையைப் பாத்தியின் மேலேயே படுக்க வைத்து நாலு ஓரத்திலும் கல்லை வைத்துவிடுங்கள். காலுக்கடியில் கம்பி தட்டுப்பட்டால் பூனை தோண்டாது, நாற்று கண்ணிக்குள் புகுந்து மேலே வரும். முளைக்கீரை, தண்டுக்கீரை மாதிரி வேரோடு பிடுங்குகிறவை என்றால் இரண்டு விரல்கடை வளர்ந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்கும்போது வலையும் கூடவே வரும். கத்தரி, மிளகாய் நட்ட பாத்தியில் செடிக்குச் செடி இருக்கிற இடைவெளியில் தேங்காய் உரிமட்டையைக் கவிழ்த்துப் போட்டால் போதும், ஈரமும் காக்கும். இந்தப் பக்கத்தில் உரிமட்டைக்கா குறைச்சல். ஒன்றும் இல்லையா, தென்னை ஈர்க்கைச் சாணுக்கு நாலு என்று நெருக்கமாகக் குத்தி வையுங்கள், ஆனால் நுனியைச் சீவாதீர்கள், கண்ணில் குத்தும். வைக்கோலைத் தடிப்பாகப் பரப்புவது மட்டும் வேண்டாம். மண்ணை மூடும் என்பது சரி, ஆனால் காய்ந்த வைக்கோல் கிடைத்தால் பூனை குடும்பத்தோடு வந்து படுத்துக்கொள்ளும்.

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து பழைய மீன் வலையை வாங்கி வந்து போடுகிறவர்களும் உண்டு. அது மலிவு, ஆனால் தொளதொளவென்று விட்டால் பூனை சிக்குகிறதோ இல்லையோ சாரைப்பாம்பு கட்டாயம் சிக்கும், சிக்கினால் வெளியே வர முடியாமல் செத்தே போகும். வயலில் எலி தின்கிற பாம்பை நாமே கொன்ற கணக்கு. கட்டுவதென்றால் சுற்றிலும் முளையடித்து இழுத்துக் கட்டுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. இயற்கை விவசாயம் செய்கிறோம் என்று மீன் கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு மீன் அமிலம் தயாரிக்கிறோம் இல்லையா, அதைச் சாயங்காலம் பாத்தியில் ஊற்றிவிட்டு ராத்திரி பூனை வந்து தோண்டியது என்று புலம்பினால் யார்மேல் குற்றம்? வஞ்சிர மீன் தலையைக் கத்தரிச் செடி அடியில் புதைக்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அந்த வாசகர் எதை ஊற்றுகிறார் என்று முதலில் கேட்டிருக்கலாம். அப்புறம் குப்பைமேனி. பூனைவணங்கி என்றும் அதற்குப் பெயர் உண்டு, அதன் வேர் வாசனைக்குப் பூனை மயங்கிப் புரளும். களை பிடுங்கும்போது குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் பாத்தி ஓரத்திலேயே போட்டுவிட்டுப் போனால் அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. பிடுங்கினதைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

பாத்தியை மூடுவதோடு, பூனைக்கென்று ஒரு இடமும் கொடுத்துவிட வேண்டும். கொல்லைக் கோடியில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு பாய் அகலத்துக்கு மண்ணைக் கொத்திவிட்டு மணல் கொட்டுங்கள். ஆற்று மணல் விற்கிற விலையில் பூனைக்கா என்று கேட்பீர்கள், உமி கலந்த மண்ணே போதும், ரைஸ் மில்லில் உமிக்கா பஞ்சம். தலைக்கு மேல் வாழையோ முருங்கையோ நிழல் கொடுத்தால் நல்லது. பாத்தியில் கிடந்த அதன் கழிவையே கொஞ்சம் அள்ளிக்கொண்டுபோய் அங்கே போட்டால் மோப்பம் பிடித்து அங்கே போகத் தொடங்கும். எல்லாப் பூனையும் உடனே கேட்டுவிடாது, ஆனால் பெரும்பாலானவை கேட்கும். அந்த இடத்தையும் அவ்வப்போது வாரிச் சுத்தம் செய்ய வேண்டும், நாறினால் அவை திரும்பப் பாத்திக்கு வந்துவிடும்.

கழிவைக் கையால் அள்ளாதீர்கள். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். எல்லாப் பூனையும் எப்போதும் பரப்புவதில்லை, பெரும்பாலும் முதல் தடவை தொற்றும்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான். வெளியே வந்த உடனேயும் அது தொற்றாது, 1 முதல் 5 நாள் பிடிக்கும், அதனால் அன்றன்றே அப்புறப்படுத்தினால் பாதிப் பயம் போயிற்று. விட்டுவிட்டால் ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கர்ப்பிணிகள் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம், வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும். கீரையை நாம் வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம், சூட்டில் அது செத்துவிடும். பச்சையாகத் தின்கிற வெள்ளரி, புதினா, கொத்தமல்லியை நன்றாக அலசிக்கொள்ள வேண்டும். சாணத்தைப் போடுவதுபோல பூனைக் கழிவையும் உரக்குழியில் போட்டுவிடாதீர்கள், வீட்டு உரக்குழியின் சூடு இதற்குப் பத்தாது.

விஷம் வைப்பதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்துருண்டையில் ஆரம்பித்து அங்கேதான் போய் முடிகிறது, எங்கள் பக்கம் நடந்தும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் இது குற்றம், இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் விலங்கைக் கொன்றாலோ விஷம் வைத்தாலோ ஐந்து வருஷம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள், கிட்டி வைக்கிறவருக்குக் கூலி கொடுத்து வயலில் எலி பிடிக்கிற ஊரில் சும்மா எலி பிடித்துத் தருகிற பிராணியைக் கொல்வது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. நெல் குதிர் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பூனைகள் பெருகிவிட்டன என்பது உண்மைதான். ஐந்தாறு மாதக் குட்டியே சினை பிடித்துவிடுகிறது, இரண்டு மாதத்தில் ஈன்றுவிடுகிறது. சோறு வைக்கிற வீட்டுக்காரர்கள் கருத்தடைக்கும் கொண்டுபோக வேண்டும், வெறுமனே சோறு மட்டும் வைத்துவிட்டுக் கழிவை அடுத்த வீட்டுக் கொல்லைக்கு விடுவது நியாயமில்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கிருந்து ஒரு டாக்டரைப் பிடித்து, எந்த வயதில் செய்ய வேண்டும், எங்கே செய்கிறார்கள், என்ன செலவாகும் என்று உங்கள் பக்கத்தில் எழுதச் சொல்லுங்களேன்.

அதற்கு நாளானாலும் பரவாயில்லை. அந்துருண்டை, பினாயில் விஷயத்தை மட்டும் அடுத்த வாரமே திருத்திப் போட்டுவிடுங்கள், ஆடிப்பட்டத்துக்கு இங்கே எல்லோரும் விதை வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வலங்கைமான், திருவாரூர் மாவட்டம்.