மதிப்புரைக்கு வந்த நூல்கள் எங்கே போகின்றன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக எழுத வருகிறவர்களின் நூல்களில் குறிப்பிட்டுச் சொல்லும்படியாக எதுவும் இல்லை என்று சென்ற இதழில் உங்கள் மதிப்புரையாளர் போகிற போக்கில் எழுதியிருந்தார். படித்துப் பார்த்துவிட்டு அவர் அப்படி எழுதியிருந்தால் எனக்கு வருத்தமில்லை. படிக்காமலேயே எழுதினார் என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு.

எங்கள் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர், சொந்தப் பணத்தைப் போட்டு ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார். பட்டறைத் தரையைக் கூட்டிச் சேர்க்கும் தூசியிலும் வெள்ளி இருக்கும் என்பதால் அதையும் விற்றுக் காசாக்குவார்கள். அந்தத் தூசியின் எடை மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதில் தொடங்குகிறது கதை. தொழில் தெரியாதவர் எவராலும் அதை எழுதியிருக்க முடியாது. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் வேண்டும் என்ற உங்கள் விதிப்படி அனுப்பினார். பல மாதங்கள் கழித்து, வந்த நூல்களைப் பட்டியலிடும் உங்கள் 'வரப்பெற்றோம்' பகுதியில் நூலின் பெயர், பக்கம், விலை மட்டும் வந்தன. அதிலும் அவருடைய தலைப்பெழுத்து தவறு. பின்னர் சென்னைக்குப் போயிருந்தபோது திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அதே பிரதியைக் கண்டேன். முதல் பக்கத்தில் 'மதிப்புரைக்காக, அன்புடன்' என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். உள்ளே இரண்டு தாள்கள் ஓரம் வெட்டுப்படாமல் ஒட்டியபடியே இருந்தன. விலை கொடுத்து வாங்கி வந்தேன்.

இது முதல் முறையன்று. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆசிரியை எழுதிய சிறுவர் கதை நூலுக்கு, பின்னட்டை வாசகத்தையே எழுத்துப்பிழை உட்பட மதிப்புரையாக அச்சிட்டீர்கள். அறிவியல் புனைகதை, பேய்க்கதை, உள்ளூர் வரலாறு ஆகியவற்றுக்கு உங்கள் இலக்கியப் பக்கத்தில் இடமே கிடைப்பதில்லை. பெயர்பெற்றவர் நூல் என்றால் மட்டும், அதற்கு முன்னுரை எழுதியவரே மதிப்புரையும் எழுதுகிறார். 1959இல் எழுத்தாளர் சி.சு.செல்லப்பா விமர்சனத்துக்கென்றே 'எழுத்து' ஏட்டைத் தொடங்கி, அதுவரை பெயர் தெரியாதிருந்த இளைஞர்களின் கவிதைகளுக்கும் அதில் இடம் கொடுத்தார் என்பது நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை.

பாராட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தத் துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயங்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன. கொலையாளி யார் என்று வாசகருக்குத் தெரிந்த பின்னும் கதை நடந்துகொண்டே இருக்கிறது. அதைப் படித்தவர் ஒருவர் எழுதியிருந்தால் அடுத்த நூலில் நாவலாசிரியர் திருத்திக்கொண்டிருப்பார். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் நாங்கள் கட்டுகிறோம். ஆனால் நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கேட்பதற்கு, அப்படி ஒன்று வெளிவந்திருப்பதே முதலில் வாசகருக்குத் தெரிய வேண்டும். பெரிய பதிப்பகங்களுக்கு விளம்பரம் உண்டு. கடன் வாங்கி அச்சிட்டவருக்கு உங்கள் பக்கத்தை விட்டால் வேறு வழி இல்லை.

எனவே 'வரப்பெற்றோம்' பகுதியில், நூல் எதைப் பற்றியது என்று இரண்டு வரியும், கிடைக்குமிடமும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு முதல் நூலையாவது யாரேனும் முழுதாகப் படித்துத் தம் பெயரிட்டு எழுதட்டும். அதுவும் இயலாதென்றால், மதிப்புரைக்கு எடுத்துக்கொள்ளாத பிரதிகளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். தபால் செலவை அனுப்பியவர்களே ஏற்றுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.