மெழுகில் ஒரு கை

சுவாமிமலை

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க மனதிலேயே இருந்தது. "எட்டு மாசமா எனக்குன்னு ஒரு கோடு கூடப் போடலப்பா, மனசே வர மாட்டேங்குது" என்றாய். ஆபீசில் நாள் பூராவும் யாரோ ஒருவரின் கதைக்குப் படம் வரைகிறாய். வீட்டுக்கு வந்து பென்சிலைப் பார்த்தால் அலுப்பு வரத்தான் செய்யும். இதை நான் சோம்பல் என்று நினைக்கவில்லை. எனக்கும் இது வந்திருக்கிறது, உன்னிடம் சொன்னதில்லை.

2020 ஊரடங்கில் நீ பெங்களூரிலேயே மாட்டிக்கொண்டாய். நம் சிலைப் பட்டறை ஓடுகிறதா என்று கேட்பாய், ஓடுகிறது என்பேன். உண்மையில் ஓடவில்லை. கோயில்கள் பூட்டிக் கிடந்தன, ஆர்டர் நின்றுவிட்டது. முதல் வாரம் ஓய்வு மாதிரி இருந்தது. அப்புறம் நான்கு மாதம், சிலை வார்க்குமுன் உருப்பிடிக்கும் மெழுகையே தொடவில்லை. யாருக்காகச் செய்யப்போகிறோம் என்று தோன்றும், திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். பிறகு ஒரு நாள் கதவைத் திறந்து, பீடத்துக்கு ஒரு தாமரை இதழ் இழுத்துப் பார்த்தேன். முப்பது வருடமாகக் கை தானாகச் செய்த இதழ் கோணிக்கொண்டு வந்தது. அன்றைக்கு உண்மையாகவே பயந்தேன்.

அப்போதுதான் தஞ்சாவூர் கலைக்கூடத்து ரிஷபவாகனரின் நினைப்பு வந்தது. காளைமேல் கை போட்டுச் சாய்ந்து நிற்கும் சிவன். திருவெண்காட்டில் கிடைத்த சிலை, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆறாவது படிக்கும்போது உன்னைக் கூட்டிப்போனேன். தலையில் பாம்பு பின்னிய முடிக்கட்டை நீ நோட்டில் வரைந்துகொண்டே இருந்தாய், கடைசி பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தோம். சாய்ந்து நிற்பதற்கான காளை இப்போது அங்கே இல்லை. ஆனால் காளைமேல் போட்ட கை அப்படியே காற்றில் இருக்கிறது. அடியில் ஒன்றுமே இல்லாமல், ஒரு கை எப்படி இவ்வளவு நிம்மதியாக இளைப்பாறும்? அதை மெழுகில் பிடிக்க முடியுமா என்று பார்க்கத் தோன்றியது. முழுச் சிலை வேண்டாம், மணிக்கட்டுக்குக் கீழே மட்டும்.

மறுநாள் காலையில் எலுமிச்சை அளவு மெழுகு எடுத்தேன். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்த நம் வழக்கமான மெழுகுதான். உள்ளங்கைச் சூட்டில் பிசைந்து, விரலைத் தீக்குச்சி கனத்துக்குத் திரித்து, கணுக்களில் லேசாக மடித்தேன். சுண்டுவிரல் கொஞ்சம் அதிகம் மடிந்தாலும் கை எதையோ பிடிக்கப் போவது மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சம் நிமிர்ந்தால் விறைத்துப்போகிறது. அரைமணி நேரம் ஆனதும் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் அதையே உருக்கி, அதே மெழுகில் மறுபடி ஒரு கை. ஆவணி, புரட்டாசி முழுக்க இதுதான். ஒன்றைக்கூட எடுத்துவைக்கவில்லை. எடுத்துவைக்க வேண்டியதில்லை என்று ஆனதும்தான், கண்ணு, கதவைத் திறப்பது சுலபமானது.

உனக்கும் அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். போன தீபாவளிக்கு விலை உயர்ந்த காகிதம் வாங்கினாயே, அதில் முதல் கோடு போடவே உனக்குக் கை நடுங்கும். அதைப் பரண்மேல் வை. ஆபீசில் ஒரு பக்கம் அச்சடித்து வீணாகும் தாள்கள் இருக்கும், அவற்றின் பின்பக்கம் போதும். ஏதாவது ஒன்றையே எடுத்துக்கொள். உன் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டியாகக்கூட இருக்கட்டும். யாருக்கும் போட்டோ எடுத்து அனுப்பாதே, எனக்கும் வேண்டாம்.

ராத்திரி வேண்டாம், ஆபீசுக்குக் கிளம்புமுன் செய். இருபது நிமிடம் போதும். முழு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால்தான் வரைவேன் என்று காத்திருக்கிறாயே, அந்த ஞாயிற்றுக்கிழமையில் துணி துவைக்கும் வேலை வந்துவிடும்.

தாத்தா காலையில் பட்டறைக்குள் வந்ததும் முதலில் தென்னை ஓலையில் ஈர்க்கை உரித்துவிட்டு, சிலைக்கு அளவு குறிக்கும் ஒடியோலையை மடிக்க உட்காருவார். பெரிய தெய்வங்களுக்கான உத்தம தச தாள அளவு என்றால் சிலையின் மொத்த உயரம் 124 பங்கு. அந்த அளவெல்லாம் அவருக்கு மனப்பாடம், அன்றைக்கு ஓலை தேவையே இல்லாமலும் இருக்கும். இருந்தாலும் மடிப்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை. மடித்து முடிப்பதற்குள் அவர் வேலைக்குள் போயிருப்பார், அவ்வளவுதான். நீ பென்சில் சீவுவதை அப்படி வைத்துக்கொள்ளலாம்.

நானே கண்டுகொண்டது ஒன்று உண்டு. சாயங்காலம் எழும்போது எளிதான ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுவேன். ஒரு வளையல், ஒரு கால்விரல். காலையில் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்காது, கை போய் அதில் உட்கார்ந்துவிடும்.

காய்ச்சல் என்றால் படுத்துக்கொள். நம் பட்டறைக்கும் அமாவாசை லீவுதானே. லீவு என்று தெரிந்து விடும் லீவு மனதை ஒன்றும் செய்யாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போனதுதான் எனக்கு நான்கு மாதமாக நீண்டது.

ரிஷபவாகனர் கை பிடிபட்டதா என்று கேட்பாய். இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையில் முதல் அரைமணி இன்னமும் அதோடுதான். நேற்று கட்டைவிரல் கொஞ்சம் வந்தது. சுண்டுவிரல் இன்னும் வரவில்லை.

பொங்கலுக்கு வரும்போது ஒரு நோட்டு எடுத்து வா. காலை பஸ்ஸிலேயே தஞ்சாவூர் போய்விடுவோம். இந்தத் தடவை முடிக்கட்டை விட்டுவிட்டு, நீ அந்தக் கையை வரை. சுண்டுவிரல் உன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மா முறுக்கு சுடுகிறாள், வியாழக்கிழமை பார்சல் போடுவோம்.

அன்புடன்,
அப்பா